பயனும் பெறுமதியும்: பழுதடைந்த கணினியை முன்வைத்து ஒரு நோக்கு

மனிதன் தான் ஆக்கிய பொருள்களோடு கொண்டுள்ள உறவு, அவன் பிற மனிதரோடு கொள்ளும் உறவினின்றும் முற்றாகப் பிரிக்கத்தக்கதன்று. ஒரு பொருளை எப்போது தேவையற்றதெனத் தீர்மானிக்கிறோம், அத்தீர்மானத்தை எவ்வாறு அடைகிறோம், அதன்பின் அப்பொருளை எங்கே கொண்டு சேர்க்கிறோம் என்பன வீட்டு நிருவாகம் சார்ந்த சிறு வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றுள் ஒழுக்கவியல் சார்ந்த பெருவினா ஒன்று பொதிந்துள்ளது. ஒன்றின் பயன் முடிந்தவிடத்து அதன் பெறுமதியும் முடிந்துவிடுகிறதா என்பதே அது. பழுதடைந்த மேசைக்கணினி ஒன்றின் உறுப்புக்களைக் கழற்றி மீளப் பயன்படுத்தும் எளிய செயலை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கடுகண்ணாவை பொருத்தமான களமாக அமைகின்றது. கண்டிக்கு மேற்கே, கொழும்பு வீதி மலையேறி முடியுமிடத்தில் அமைந்த இவ்வூரில், அவ்வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கின்றது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, 45 அடிக்கு 1 அடி என்னும் ஏற்றத்தில் இம்மலையைக் கடந்து சென்றது. அப்பாதையின் அருகே, இலங்கைப் புகையிரத சேவையின் 150ஆவது ஆண்டு நிறைவையொட்டி, 2014 டிசெம்பரில் தேசிய புகையிரத நூதனசாலை திறந்துவைக்கப்பட்டது. ஓட்டத்தினின்றும் ஓய்வுபெற்ற எஞ்சின்கள் அங்கே வர்ணம் பூசப்பெற்று முழுமையாக நிற்கின்றன. அவற்றின் சக்கரங்கள் இனி உருளப்போவதில்லை. எனினும் அவை அவையாகவே இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான காட்சியை அதே வீதியில், பிலிமத்தலாவை, பேராதனை வழியாகக் கண்டி வரையிலுள்ள கணினி திருத்தும் கடைகளிற் காணலாம். அங்கே பெட்டி திறக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் விசிறிகள், ஓரிடத்தில் நினைவகத் தகடுகள், பழைய பிஸ்கட் தகரமொன்றினுள் அளவு வாரியாகப் பிரிக்கப்பட்ட திருகாணிகள். ஒரு கணினியென்று சுட்டிக்காட்ட அங்கு எதுவுமிராது. ஆனால் அதன் ஒவ்வோர் உறுப்பும் மற்றொரு கணினியினுள் உழைக்கப் புறப்படக் காத்திருக்கும். நூதனசாலை முழுமையைக் காத்துப் பயனை விட்டுக்கொடுக்கின்றது. திருத்துமிடமோ பயனைக் காத்து முழுமையை விட்டுக்கொடுக்கின்றது. ஒரு பொருளுக்கு நாம் செய்யும் மரியாதை இவ்விரண்டனுள் எது என்பது சிந்தித்தற்குரியது.

முதலிற் பழுது என்பதன் பொருளைத் தெளிவுபடுத்தல் அவசியமாகும். "கணினி பழுதாயிற்று" என்று கூறும்போது பழுது முழுப்பொருளின் மேல் ஏற்றப்படுகின்றது. உண்மையில் பெரும்பாலான வேளைகளிற் கெடுவது ஓர் உறுப்பே. சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைநாட்டில் இடியுடன் பெய்யும் மழைக்காலத்தில், கடைகளில் "பவர் சப்ளை" என்றே வழங்கும் மின்வழங்கி தாக்குண்ணுதல் வழக்கம். 230 வோல்ற் ஆடலோட்ட மின்னை 12, 5, 3.3 வோல்ற் நேரோட்ட மின்னாக மாற்றித் தரும் அப்பகுதி செயலிழப்பின் கணினி உயிரற்றதாகத் தோன்றும், மற்றெல்லாம் நலமாயிருக்கும். தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகள் தலைப்பகுதி புடைத்துச் செயலிழப்பதுண்டு. நாணயமளவான 3 வோல்ற் மின்கலம் தீர்ந்துபோயின், கணினி காலத்தை மறக்கும். நினைவகத் தகட்டின் பொன்னிற முனைகளில் அழுக்குப் படிந்தாலும் திரை இருண்டுபோம். பாடசாலைப் பிள்ளையின் அழிறப்பராற் பலமுறை அது குணமாகியிருக்கிறது. ஆகவே, திறந்து பாராது ஒரு பொருளைப் பழுதென்பது விசாரணையின்றி வழங்கிய தீர்ப்பையே ஒக்கும்.

கழிவு என்னும் தமிழ்ச் சொல்லும் இவ்விடத்து நோக்கத்தக்கது. கழித்தல் என்னும் கணக்கில் மீதி என ஒன்று உண்டு. எதிலிருந்து எதனைக் கழித்தோம், எஞ்சியது யாது என்று எழுதினாலன்றிக் கணக்கு முடிவதில்லை. நாமோ கழிவை மாத்திரம் எண்ணி, மீதியை எழுதாது விட்டுவிடுகிறோம். உறுப்புக்களைக் கழற்றிப் பரிசோதிப்பவன் அம்மீதியை எழுதுபவனாகிறான்.

இனி, முழுமைக்கும் உறுப்புக்கும் உள்ள தொடர்பு மெய்யியலாளரை நெடுங்காலமாக ஈர்த்துவந்த பிரச்சினையாகும். மிலிந்த பஞ்ஞ என்னும் பாளி நூலில், மிலிந்த மன்னன் ஏறிவந்த தேரை முன்வைத்து நாகசேன தேரர் அவனை வினவுகிறார். அச்சுத்தான் தேரா, சக்கரந்தான் தேரா, நுகந்தான் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சென்று, தேரென்பது இவையனைத்தும் கூடியவிடத்து வழங்கும் ஒரு பெயரேயென அவர் உணர்த்துகிறார். நியாய வைசேடிகர் இதற்கு உடன்படார். அவயவங்கள் வேறு, அவற்றில் தங்கியிருக்கும் அவயவி வேறு என்பது அவர்தம் துணிபு. ஒரு பகுதியைப் பற்றி இழுக்கும்போது முழுவதும் உடன்வருகிறதாகலின், முழுமை வெறும் பெயரன்று என அவர்கள் வாதிப்பர்.

கிரேக்க மரபில் தீசியஸின் கப்பல் பற்றிய புதிர் இதனையொத்தது. பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்பது அதன் வினா. 1655இல் ஆங்கில அறிஞர் தோமஸ் ஹொப்ஸ் இதனோடு மற்றொரு வினாவையும் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் எடுத்துவைத்து, அதே ஒழுங்கிற் பொருத்தி வேறொரு கப்பலைக் கட்டினால், இரண்டனுள் எது தீசியஸின் கப்பல் என்பதே அது. கழிவைச் சேர்ப்பவனை மெய்யியல் அரங்கிற்குள் கொண்டுவந்தவர் ஹொப்ஸ் எனலாம். நம் நாட்டிலும் இப்புதிர் தண்டவாளத்தின் மேல் ஓடியுள்ளது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்-2 வகை டீசல் எஞ்சின்களுட் சில, அரை நூற்றாண்டுக்கு மேலாகவும் சேவையிலிருந்தன. உறுப்பு மாற்றியும் பழுது பார்த்தும் பேணப்பட்ட எஞ்சினை எவரும் வேறோர் எஞ்சினெனக் கூறவில்லை. அதன் இலக்கமும் மாறவில்லை.

கணினியின் உறுப்புக்களைப் பிரிப்பவன் நாகசேனரின் பக்கமே நிற்கிறான் என்று முதலிற் தோன்றும். ஆயின் அவன் கைவேலையைக் கூர்ந்து நோக்குமிடத்து நியாயவாதிகளின் கூற்றும் மெய்யாதல் புலனாகும். டீ.டீ.ஆர்.2 வகை நினைவகத் தகடு டீ.டீ.ஆர்.3 தகட்டுக்குரிய இடத்திற் பொருந்தாது. அதன் அடியிலுள்ள வெட்டு வேறிடத்தில் அமைந்திருக்கும். பொருந்தத்தக்க தாய்ப்பலகை ஒன்று எங்கோ இருக்கும்வரையே அத்தகடு ஓர் உறுப்பாகும். இல்லையேல் அது பச்சைத் தகடு மாத்திரமே. உடலினின்றும் வெட்டுண்ட கை பெயரளவிலேயே கை என்று அரிஸ்டோட்டில் கூறியதும் இக்கருத்துப் பற்றியே. எனவே உறுப்பின் பெறுமதி உறுப்பினுள் மாத்திரம் அடங்கியிருப்பதன்று. அதனை ஏற்கவல்ல பிறிதொரு முழுமையும், எது எதனோடு பொருந்தும் என்றறிந்த ஒருவனும், அவ்வறிவைக் கைமாற்றிக் கொடுக்கும் ஒரு சமூகமும் இருந்தாலே அது நிலைபெறும். பெட்டி நிறைந்த உறுப்புக்களைச் சேர்த்துவைத்து அவற்றின் பயனை அறியாதவன், கழிவை வீட்டினுள் இடம் மாற்றியவனேயன்றி மீட்டவனாகான்.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். உறுப்புக்களைக் கழற்றிப் பயன்படுத்துதல் வறியோர் செயல். இல்லாமையை அறமென்று பாராட்டுவது பொருந்துமா என்பது அத்தடை. இதில் உண்மை இல்லாமலில்லை. 2022 ஏப்ரிலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியபோது, ரூபாவின் பெறுமதி வீழ்ந்து இறக்குமதிப் பொருள்களின் விலை எட்டாத உயரத்திற்குச் சென்றது. முன்னர் ஏறெடுத்தும் பாராதிருந்த பழைய உறுப்புக்களை அக்காலத்தில் மக்கள் தேடி அலைந்தனர். உறுப்பு மாறவில்லை, சந்தை மாறியது. கழிவென்பது பொருளின் இயல்பு பற்றிய சொல் எனக் கொள்வதற்கு முன் இதனை மனங்கொள்ள வேண்டும்.

சந்தையின் ஆதிக்கம் மறுபுறத்தும் செயற்படுகின்றது. கார்ல் மார்க்ஸ், 1867இல் வெளியான மூலதனம் முதலாம் பாகத்தில், எந்திரம் தேய்வதால் மாத்திரமன்றி, மலிவான அல்லது மேம்பட்ட எந்திரம் தோன்றுவதாலும் மதிப்பிழக்கிறதெனக் காட்டினார். கணினி உலகில் இது நாள் குறித்து அறிவிக்கப்படும் நிகழ்ச்சியாயிற்று. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்தியது. அடுத்த முறைமையை ஏற்பதற்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு முதலியன இல்லாத எண்ணற்ற கணினிகள், ஓர் உறுப்பேனும் கெடாத நிலையில் முதுமையடைந்தன. லினக்ஸ் போன்ற கட்டற்ற முறைமையை நிறுவி அவற்றுட் பலவற்றை இயக்கலாம் என்பது வேறு செய்தி. தேய்வு காலத்தின் செயலாயிருக்க, முதுமை பிறர் வழங்கும் தீர்ப்பாகவும் அமையக்கூடும். ஆதலின் உறுப்புக்களை மீட்டெடுப்பது இல்லாமையின் வெளிப்பாடாகத் தொடங்கினும், அத்தீர்ப்பை மீள்விசாரணை செய்யும் சுதந்திரமாகவும் அது வளரக்கூடும். செல்வனுக்கும் அச்சுதந்திரம் உண்டு. அவன் அதனைப் பயன்படுத்துவது குறைவு என்பதே வேறுபாடு.

மீட்டெடுத்தல் யாவும் நன்று என்றும் கொள்ளலாகாது. செம்பைப் பெறுதற்பொருட்டு வயர்களைத் தெருவோரத்தில் எரிப்பதும் ஒருவகை மீட்டெடுப்பே. அப்புகையைச் சுவாசிப்பவன் செம்பின் விலையிற் பெரும்பங்கைப் பெறுவதில்லை. பழைய குழாய்த் திரையின் கண்ணாடியிலும், பழைய தாய்ப்பலகைகளின் பற்றாசிலும் ஈயம் உண்டு. உலகெங்கும் 2022ஆம் ஆண்டில் உண்டான மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன் என்றும், அதில் 22.3 வீதமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியது என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகின்றது. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலின் வழி மின்னணுக் கழிவு அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளுள் அடக்கப்பட்டு, அதனைக் கையாள்வோர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெறுதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் சட்டம் சென்றடையாத இடங்களுண்டு. கண்டி நகரின் குப்பை பல தசாப்தங்களாகக் கொஹாகொடையில், மகாவலிக் கரையிற் கொட்டப்பட்டு வந்ததை நாமறிவோம். மலையிற் பெய்யும் மழை எதனைக் கழுவிச் செல்கிறதோ அது ஆற்றைச் சேரும். ஆறு கீழூர்களைச் சேரும். ஒரு பொருள் நம் பார்வையினின்றும் நீங்குவதோடு நம் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

உறுப்புக்களெல்லாம் ஒரே தன்மையனவுமல்ல. மின்வழங்கி எவருடையதாயினும் மின்னையே வழங்கும். வன்தட்டு அவ்வாறானதன்று. அதில் ஒரு மனிதனின் வாழ்வு பதிந்திருக்கும். கணினியில் ஒரு கோப்பை அழித்துவிட்டதாக நாம் எண்ணும்போது, வன்தட்டிலிருந்து பெரும்பாலும் நீங்குவது அக்கோப்பு இருக்குமிடத்தைச் சுட்டும் குறிப்பே. நூலகத்தின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டு நூலைத் தட்டிலேயே விட்டுவைப்பது போன்றது அது. தேடத் தெரிந்தவன் கையில் நூல் அகப்படும்.

இதன் பாரதூரத்தை எமது குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்று எனக்கு உணர்த்தியது. தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்றுக் கடுகண்ணாவையில் வாழ்ந்த எமது பெரியப்பா காலமான பின்னர், அவரது மேசைக்கணினியைப் பிள்ளைகள் பிரித்தனர். நினைவகத் தகடும் மின்வழங்கியும் மருமகள் ஒருத்தியின் படிப்புக்கு உதவின. திரை அயல்வீட்டிற்குச் சென்றது. வன்தட்டில் அவர் எழுதிய கவிதைகள் இருக்குமென எண்ணித் திறந்தபோது, இருந்தவை பெரும்பாலும் பிறருடைய கடிதங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் தோட்டச் செக்றோலில் வேறொரு பெயரும் கொண்டவர்களுக்காக எழுதிய சத்தியக்கடதாசிகள். தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பங்கள். ஊழியர் சேமலாப நிதி கோரி அனுப்பிய முறையீடுகள். கணவனைப் பற்றிப் பொலிசுக்கு ஒரு பெண் எழுதுவித்த முறைப்பாடு. நூற்றுக்கணக்கானோரின் இன்னல்கள் அவ்விரும்புத் தட்டில் இருந்தன.

அத்தட்டு யாருக்குரியது? சட்டப்படி வாரிசுகளுக்கு. ஆனால் அதில் உள்ளவை வாரிசுகளுடையன அல்ல. பெரியப்பாவுடையன என்றுங்கூடச் சொல்லிவிட முடியாது. முற்றாக அழித்துவிடுதல் நேர்மையெனில், மூலப்பிரதியைத் தொலைத்துவிட்ட முதியவர் ஒருவருக்கு அங்கிருந்த பிரதியே எஞ்சிய சான்றாக இருக்கலாம். பேணிவைத்தல் நேர்மையெனில், அப்பெண்ணின் முறைப்பாட்டை நாங்கள் வைத்திருப்பதற்கு எவர் அனுமதி தந்தார்? ஈற்றில், தேடிக்கண்டவர்களுக்கு அவரவர் கடிதங்களை அச்சிட்டுக் கொடுத்தோம். இருவர் அவற்றைக் கொண்டு தங்கள் அலுவலை முடித்துக்கொண்டனர். முறைப்பாடு எழுதுவித்த பெண், அதனை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அவ்வாறே செய்தோம், குறிப்பை மாத்திரமன்றி எழுத்தையும் மேலெழுதி. கண்டறிய முடியாதோரின் கடிதங்கள் இன்னும் அலுமாரியில், அத்தட்டிலேயே இருக்கின்றன. அவற்றை என்செய்வதென்பதில் வீட்டில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

உறுப்புக்களை மீட்டலுக்கு உரியவரின் சம்மதம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இந்நாட்டிலேயே சிறந்த உதாரணம் உண்டு. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா நிறுவிய இலங்கைக் கண்தான சங்கம், இறந்தோரின் விழிவெண்படலங்களை இங்குள்ளோருக்கும் பல நாட்டவர்க்கும் வழங்கி வந்துள்ளது. அதுவும் உறுப்பொன்றை ஒரு முழுமையினின்றும் எடுத்து மறு முழுமையிற் பொருத்தும் செயலே. ஆயினும் அதனைக் கொடையாக்குவது, உயிரோடிருந்தபோது ஒருவர் மனமுவந்து அளித்த இசைவு. இசைவில்லையேல் அதே செயல் களவாகும். மின்வழங்கி இசைவு கேளாது; வன்தட்டுக் கேட்கிறது. மனிதர் சார்ந்தவற்றுக்கும் பொருள் சார்ந்தவற்றுக்கும் இடையிலான எல்லைக்கோடு, பழுதடைந்த பெட்டியொன்றினுள்ளேயே இவ்வாறு ஓடுகின்றது.

இவ்வெல்லையை மீறியதன் விளைவை மலைநாட்டுத் தமிழர் வரலாறு காட்டும். பிரித்தானியர் இம்மலைகளிற் கோப்பி பயிரிட்டனர்; கோப்பியை இறக்கவே புகையிரதப் பாதை வந்தது; தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரின் உழைப்பில் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் முதன்முதல் அவதானிக்கப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபோது, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. வீதி, பாதை, களஞ்சியம் யாவும் புதிய பயிருக்கு மீளப் பயன்பட்டன. பட்டுப்போன கோப்பி மரத்தின் அடித்தண்டுகள் இங்கிலாந்தில் தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்பது தேயிலை வரலாற்றிற் சொல்லப்படும் செய்தி. மிகத் திறமையான மீட்டெடுப்பு அது. ஆனால் அக்கணக்கில் மனிதரும் உறுப்புக்களாகவே எண்ணப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணி, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென ஒதுக்கிவைத்தது. கண்டிப் பக்கமிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்றோரை ஏற்றிய புகையிரதங்கள், கோப்பியை இறக்க அமைத்த அதே கடுகண்ணாவைச் சரிவால் இறங்கின. நாடற்று எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. பெரியப்பாவின் வன்தட்டில் இருந்த சத்தியக்கடதாசிகள் அவ்வரலாற்றின் பிற்சேர்க்கைகளே.

பொருளுக்கு விலையுண்டு, மனிதனுக்கு மாண்புண்டு என்று இமானுவேல் கான்ட் பகுத்துக் காட்டியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. விலையுடைய ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைக்கலாம். மாண்புடைய ஒன்றுக்குப் பதிலீடில்லை. ஆனால் இப்பகுப்பைக் கூறி, பொருள்களை எவ்வாறும் நடத்தலாம் என்று முடிவுகட்டுதல் தவறாகும். திறந்து பாராமற் கழிக்கும் பழக்கம் கையில் ஊறியவனுக்கு, முதியோரையும் நோயாளரையும் வேலையிழந்தோரையும் அவ்வாறே கழிப்பதற்கு நெடுநேரம் செல்லாது. ஒவ்வோர் உறுப்பையும் எடுத்துப் பார்த்து, இது எங்கே பொருந்தும் என்று பொறுமையோடு வினவும் பழக்கம் நல்லதே. அப்பழக்கமுடையோன், மனிதரிடத்து வரும்போது அவ்வினாவையே நிறுத்திவிடவும் அறிந்திருத்தல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, பயன் முடிந்தவிடத்துப் பெறுமதி முடிந்துவிடுவதில்லை என்பது தெளிவாகும். பொருளைப் பொறுத்தமட்டில், முடிந்ததெனக் கருதிய பயன் பெரும்பாலும் முடியாததே. திறந்து பார்ப்பதும், பொருந்துமிடத்தைத் தேடுவதும், நஞ்சானதை உரிய இடத்திற் சேர்ப்பதும் நம் கடமைகள். நினைவைத் தாங்கிய பொருளைப் பொறுத்தமட்டில், நாம் உரிமையாளரல்லோம், காவலர் மாத்திரமே. மனிதரைப் பொறுத்தமட்டிலோ பயன் என்னும் அளவுகோலே பொருந்தாது. இன்று வளாகங்களிலும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் படிக்கட்டுகளின் கீழே தூசிபடிந்து அடுக்கப்பட்டுள்ள கணினிகள் எத்தனையோ உள. அவற்றைத் திறப்பதற்கு ஒரு திருப்புளி போதும். மின்னை நிறுத்தியபின்னும் மின்வழங்கியினுள் மின்னூட்டம் எஞ்சியிருக்கும் என்னும் எச்சரிக்கையும் வேண்டும். ஆயினும் திருப்புளியை எடுக்குமுன், அவற்றின் வன்தட்டுக்களில் யாருடைய பெயர்கள் உள்ளன என்று கேட்டுக்கொள்வோமாக.